வீட்டுக்கே வரும் செவிலியர்: பயன்படுத்தியபின் ஒரு மதிப்பீடு

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, மூக்குவழி உணவுக் குழாயோடும் சிறுநீர்க் குழாயோடும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய என் தந்தைக்காக, சில மாதங்களாக ஒரு வீட்டுச் செவிலியர் சேவையைப் பயன்படுத்தி வருகிறோம். குறைகளையும் எழுதப் போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் கட்டணம். நாங்கள் விசாரித்த மற்ற நிறுவனங்கள் பன்னிரண்டு மணி நேர டியூட்டி, முழுநாள் டியூட்டி என்று மணிக்கணக்கில்தான் ஆள் அனுப்பின. இங்கே முதலில் மூத்த செவிலியர் ஒருவர் வந்து நோயாளியையும் அவர் படுக்கும் அறையையும் பார்த்துவிட்டு, செவிலியரே செய்தாக வேண்டிய வேலைகள் எவை, வீட்டில் இருப்பவர்கள் கற்றுக்கொண்டு செய்யக்கூடியவை எவை என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். குழாய் மாற்றுவதும், தோலைச் சோதிப்பதும், மருந்துகளைச் சரிபார்ப்பதும் செவிலியரின் பொறுப்பு. உடல் துடைப்பதும், பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும் எங்கள் பொறுப்பு. செவிலியர் காலையிலும் மாலையிலும் வந்து செல்கிறார். அவருடைய நோயாளிகள் அனைவரும் ஒரே வட்டாரத்தில் இருப்பதால் அலைச்சலும் குறைவு. முழுநாள் டியூட்டிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியே எங்களுக்கு ஆவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

வருபவர்கள் பெரும்பாலும் படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள் என்பதால் எங்களுக்குத் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. மருத்துவமனை வார்டில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் உண்டு. வீட்டில் செவிலியர் தனியாகத்தான் நிற்க வேண்டும். அந்தத் தயக்கம் போனது எங்களுக்கு வழக்கமாக வரும் செவிலியரின் வேலையைப் பார்த்தபோதுதான். படுக்கைப் புண் தொடங்கும் இடத்தில் தோல் சிவக்கும் என்றும், விரலால் அழுத்தி எடுத்த பிறகும் வெளுக்காமல் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தால் அது முதல் நிலை என்றும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. என் தந்தையின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. எங்கள் செவிலியர் புறங்கையால் இடுப்பெலும்பு, குதிகால், பின்புறம் ஆகிய இடங்களைத் தொட்டுப் பார்த்து, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ இறுக்கமாகவோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைக்கிறார். “ஐயா, இப்போது இடப்பக்கம் திரும்பப் போகிறோம்” என்று சொல்லாமல் அவர் ஒருநாளும் என் தந்தையின் மேல் கை வைத்ததில்லை. பக்கம் மாற்றும்போது உடலை இழுக்காமல், அடியில் விரித்த துணியோடு சேர்த்துத் தூக்கி நகர்த்துகிறார். இழுப்பதால் தோலின் உள்ளடுக்குகள் உராய்ந்து சிதையும் என்பதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே.

உணவுக் குழாயிலும் இதே கவனம்தான். குழாயில் காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய முறை நம்பத் தக்கதன்று. குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கக்கூடும். எங்கள் செவிலியர், குழாயில் மூக்கருகே உள்ள அளவுக் குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, சிரிஞ்சால் சிறிது திரவம் எடுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் தாளில் வைத்து, அளவு (pH) 5.5 அல்லது அதற்குக் கீழே, அதாவது வயிற்று அமிலத்தைக் காட்டும் அளவில் இருந்தால் மட்டுமே உணவைத் தொடங்குகிறார். தலைப்பக்கத்தைக் குறைந்தது 30 பாகையாவது உயர்த்தாமல் உணவு கொடுக்கக் கூடாது என்பதில் அவரிடம் சலுகையே இல்லை.

இத்தகைய சேவையை மதிப்பிடும்போது செவிலியரின் வேலை நிலைமையையும் கேட்டறிய வேண்டும் என்பது என் கருத்து. உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-இல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தனர். அப்படியும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை. இவ்வளவு பற்றாக்குறைக்கு நடுவிலும், முன்னனுபவம் இல்லை என்ற காரணத்தால் வேலை கிடைக்காமல் நிற்கும் புதியவர்கள் இருக்கிறார்கள். இந்நிறுவனம் அவர்களை எடுத்து, முதலில் மூத்த செவிலியரோடு வீடுகளுக்கு அனுப்பிப் பழக்குகிறது. வருகைக்கு இவ்வளவு என்றில்லாமல் மாதச் சம்பளம் தருகிறது. வார விடுமுறையும் உண்டு. சான்றிதழ்களின் அசலை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை விடாமல் பிடித்து வைக்கும் வழக்கம் இங்கே இல்லை என்று எங்கள் செவிலியரே சொன்னார். சமைப்பதும் துணி துவைப்பதும் செவிலியரின் வேலையில்லை என்று எங்களிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. (அதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே மற்ற வீடுகளில் என்ன நடக்கிறது என்று ஊகிக்கலாம்.) ஆனால் வீடு விட்டு வீடு செல்லும் நேரமும் பதிவேடு எழுதும் நேரமும் வேலை நேரத்தில் சேர்வதில்லை. இது நியாயமில்லை.

குறைகளுக்கு வருகிறேன். வழக்கமான செவிலியரின் விடுமுறை நாள்களில் வருபவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள்; அவர்களில் ஒருவர் பதிவேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினார். நெதர்லாந்தில் 2006-இல் தொடங்கப்பட்ட பூர்ட்சோர்க் என்ற வீட்டுச் செவிலியர் அமைப்பில், அதிகபட்சம் 12 பேர் கொண்ட சிறு குழு ஒரு வட்டாரத்தின் நோயாளிகளைக் கவனித்துக்கொள்வதோடு, விடுமுறை, மாற்று ஆள் எல்லாவற்றையும் தங்களுக்குள்ளேயே முடிவு செய்கிறது. அப்படி இருந்தால் மாற்றாக வருபவரும் நோயாளிக்கு முன்பே பழக்கமானவராக இருப்பார். அடுத்து, கையுறை, குழாய் போன்றவற்றைத் தங்களிடமே வாங்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னது. வாக்குவாதம் செய்த பிறகே வெளியில் வாங்க ஒப்புக்கொண்டார்கள். இயன்முறை சிகிச்சைக்கும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

மூச்சுக் குழாயில் துளையிட்டுச் சளியை அடிக்கடி உறிஞ்சி எடுக்க வேண்டிய நோயாளிகளுக்கும், வீட்டில் ஒருவர்கூடத் துணைக்கு இருக்க முடியாத குடும்பங்களுக்கும் இந்த வந்துசெல்லும் முறை ஒத்துவராது. அவர்கள் முழுநாள் டியூட்டியையே நாட வேண்டும். மற்றவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரவில் கூப்பிட ஒரு தொலைபேசி எண் தந்திருக்கிறார்கள் என்றாலும், சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்ட ஓர் இரவில் மறுமுனையில் ஆள் கிடைக்க வெகுநேரம் ஆனது. எத்தனை நிமிடங்களுக்குள் பதில் கிடைக்கும் என்பதை எழுத்தில் தந்தால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம் என்று கேட்டிருக்கிறோம், பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.