ஒரே ஒரு செல்போனும் என் அறிவியல் வகுப்பும்

வடசென்னையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். கொரோனா முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் செல்போனை விடாமல் பயன்படுத்தி வருகிறேன். என்னுடைய போனை மட்டும்தான். பிள்ளைகள் பள்ளிக்குச் செல் கொண்டுவரக் கூடாது. வீட்டிலும் பெரும்பாலும் ஒரே போன்தான் இருக்கும், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ‘வீட்டுக்குப் போய் வீடியோ பாருங்க’ என்று சொன்னால் பாதிப் பேருக்கு அது நடக்காத காரியம். அதனால் போனில் எதைச் செய்தாலும் வகுப்பறைக்குள்ளேயே, எல்லார் கண்முன்னாலும் முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருந்தது. ஸ்கேன் செய்தால் அரசின் இணையவழிக் கல்வித் தளமான திக்‌ஷாவில் பாடக் காணொளி கிடைக்கும். எங்கள் வகுப்பறையில் சிக்னல் சரியாக எடுக்காது, முந்தின இரவே இறக்கி வைத்துக்கொள்வேன். இதயத்துக்குள் ரத்தம் போகிற வழி மாதிரி பாடங்களுக்கு நல்ல உதவி. ஆனால் வீடியோ ஓடும்போது வகுப்பு அமைதியாக இருந்தால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, கேள்வி கேட்டுவிட்டுத்தான் மேலே போவேன்.

என்னைக் கேட்டால், போனின் அருமை அதன் திரையைவிட அதற்குள் இருக்கும் சென்சார்களில்தான். ஃபைஃபாக்ஸ் என்றொரு செயலி, ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தில் உருவானது. இலவசம், நெட் இல்லாமலே ஓடும். அதில் ஒலியைக் கேட்டு ஓடி, அடுத்த ஒலியில் நிற்கும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. கணக்கு சாரின் போனையும் வாங்கி, வராந்தாவில் 5 மீட்டர் தள்ளி ஆளுக்கொரு பக்கம் வைப்போம். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டினால் இரண்டு கடிகாரமும் ஓடும். அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளை தட்டினால் இரண்டும் நிற்கும். இரண்டும் காட்டும் நேரத்தில் சுமார் 0.029 நொடி வித்தியாசம் இருக்கும். முதல் தட்டல் அந்தப் பக்கம் போக 5 மீட்டர், இரண்டாவது தட்டல் இந்தப் பக்கம் வர 5 மீட்டர், ஆக ஒலி 10 மீட்டர் போவதற்கு ஆகும் நேரம் அது.

10 மீட்டரை அந்த நேரத்தால் வகுத்துப் பார்த்தால் ஒலியின் வேகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னே பின்னே வரும், சராசரி நொடிக்கு 350 மீட்டரை ஒட்டி நிற்கும். “மிஸ், 331-னுதானே படிச்சோம், தப்பா வந்துடுச்சா?” என்று கேட்டாள் ஒருத்தி. அது 0 டிகிரிக்கான வேகம். ஒரு டிகிரி கூடினால் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். வராந்தாவில் அன்றைக்கு 32 டிகிரி. அவளே கரும்பலகைக்கு வந்து பெருக்கிக் கூட்டி 350 என்று எழுதினாள். நம்ம ஊர் வெயில் கணக்குக்குள் வந்து உட்கார்ந்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இதை எந்த வீடியோவும் எனக்குச் செய்து கொடுத்ததில்லை.

தெருவில் ஹார்ன் அடித்தால் கடிகாரம் தானாக ஓடிவிடும். எவ்வளவு சத்தம் கேட்டால் கடிகாரம் ஓட வேண்டும் என்ற அளவை (த்ரெஷோல்டு) கூட்டலாம், ரொம்பக் கூட்டினால் எதிர்ப்பக்கச் சத்தத்தைத் தவறவிடும். மூடிகள் அதற்காகத்தான், கை தட்டல் போதவில்லை.

அடுத்தது பிளிக்கர்ஸ், வகுப்பில் கேள்வி கேட்டு எல்லாருடைய விடையையும் ஒரே நேரத்தில் வாங்கும் செயலி. ஒவ்வொரு பிள்ளைக்கும் கியூஆர் மாதிரிக் குறி போட்ட ஒரு அட்டை, அதன் நான்கு பக்கமும் A, B, C, D என்று விடைகள். எந்த விடையோ அந்தப் பக்கத்தை மேலே வைத்துத் தூக்கினால், என் போன் கேமரா எல்லாவற்றையும் படித்துவிடும். பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார் என்று எளிதில் தெரியாது, வாயே திறக்காத பிள்ளையும் பதில் சொல்லும். நிலவுக்குப் போனால் மாறுவது நிறையா எடையா என்று கேட்டேன். அதற்குச் சற்று முன்தான், எடை மட்டும்தான் மாறும் என்று நான் சொன்னதற்கு எல்லாரும் தலையாட்டியிருந்தார்கள். அட்டையில் பாதிப் பேர் நிறை என்றார்கள். அன்றே மறுபடி நடத்தினேன். அட்டைகளை லேமினேட் செய்யாதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாது. இதற்கு நெட் வேண்டும். சன்னலோரம் நின்று ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறேன்.

“செல்லைப் பசங்க கண்ணுலயே காட்டாதீங்கன்னு சொன்னீங்களே டீச்சர்” என்று ஒரு அப்பா பெற்றோர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மூடிச் சோதனையை அங்கேயே அவர் மகனை வைத்துச் செய்து காட்டினேன். அடுத்த தடவை செய்யும்போது தன் போனையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.