சிறு வண்டிக்கு எந்த டிரான்ஸாக்சில்? சூடு எங்கே போகிறது என்று பாருங்கள்

பெடலை முன்னால் மிதித்தால் வண்டி முன்னே போகிறது, பின்னால் மிதித்தால் பின்னே வருகிறது. கிளட்ச் இல்லை, கியர் மாற்ற வேண்டியதில்லை. காலை எடுத்தால் தானாகவே வேகம் குறைந்து நிற்கிறது. ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸாக்சில் (டிரான்ஸாக்சில் என்றால் கியர்பெட்டியும் ஆக்சிலும் ஒன்றான கூடு; ஹைட்ரோஸ்டேட்டிக் என்றால் எண்ணெய் அழுத்தத்தால் சக்தியைக் கடத்துவது) பொருத்திய வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தவருக்கு மற்றதெல்லாம் தொல்லையாகத்தான் தெரியும். அதனால் சிறு பயன்பாட்டு வண்டிக்கு டிரான்ஸாக்சில் தேர்ந்தெடுக்கும்போது பேச்சு பெரும்பாலும் "ஓட்ட எவ்வளவு சுலபம்" என்பதிலேயே ஆரம்பிக்கிறது. நான் அதைக் கடைசியில்தான் கேட்பேன். முதல் கேள்வி வேறு: பாரத்தோடு மெதுவாக மேடு ஏறும்போது வீணாகும் சக்தி எதைச் சுடப்போகிறது?

போட்டியில் இருப்பவை நான்கு: சாதாரண கியர் டிரான்ஸாக்சில், ரப்பர் பெல்ட் சிவிடி (படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறும் வகை), ஹைட்ரோஸ்டேட்டிக் (இனி ஹைட்ரோ என்றே சொல்கிறேன்), மின் டிரான்ஸாக்சில். நான்குக்கும் ஒரே கற்பனை வண்டியை வைத்துக்கொள்வோம். பாரத்தோடு 700 கிலோ, 13 கிலோவாட் எஞ்சின், 28 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம். 15 டிகிரி சரிவில் ஏற வேண்டும். புவியீர்ப்பை வெல்ல ஏறத்தாழ 1,780 நியூட்டன், மண் தரையின் உருளல் தடைக்கு இன்னொரு 340. ஆக, சக்கரம் தரையைத் தள்ள வேண்டிய விசை 2,100 நியூட்டனுக்குச் சற்று மேல்.

கியர் டிரான்ஸாக்சில் பற்றி நீட்டிப் பேச எதுவுமில்லை. எஞ்சின் தரும் சக்தியில் ஏறத்தாழ 95 சதவீதம் சக்கரத்துக்குப் போகும், விலை குறைவு, எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்டலாம். ஆனால் நிமிடத்துக்கு நாலு தடவை முன்னும் பின்னும் போகிற வேலையில் கிளட்ச் தட்டுதான் பலியாடு. அப்படிப்பட்ட வேலை இல்லாத வண்டிக்கு இதை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை.

பெல்ட் சிவிடி கொஞ்சம் சுவாரசியமானது. 1958-ல் டாஃப் நிறுவனம் காரில் கொண்டுவந்த வேரியோமாட்டிக்கின் வாரிசு இது. கூம்பு வடிவப் புல்லிகள் நெருங்கியும் விலகியும் பெல்ட் ஓடும் ஆரத்தை மாற்றுகின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் போகும் வண்டிக்கு இந்த விலையில் இதற்கு ஈடு இல்லை. பலவீனம், ஊர்ந்து செல்வதில்தான். வண்டி நகரத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் பெல்ட் பிடித்தும் பிடிக்காமலும் வழுக்குகிறது. மேட்டில் பாரத்தோடு அதையே திரும்பத் திரும்பச் செய்தால் ரப்பர் கருகும் வாசனை வரும். கூட்டுக்குள் தண்ணீர் புகுந்தாலும் வழுக்கும். பின்னால் வர, வண்டியை நிறுத்திவிட்டு கியர்பெட்டியில் தனி லீவரைத் தள்ள வேண்டும். ஆனால் ஒன்று: கருகிய பெல்ட்டைப் புதுசாக மாற்ற அரை மணி நேரம் போதும்.

ஹைட்ரோ எங்கே ஜெயிக்கிறது, எங்கே முட்டிக்கொள்கிறது

தத்துவம் பழசு. 1900-களின் தொடக்கத்திலேயே போர்க்கப்பல் பீரங்கி மேடைகளைத் திருப்ப வில்லியம்ஸ், ஜானி என்ற இருவர் சாய்தட்டு பம்ப்பையும் மோட்டாரையும் இணைத்துக் காட்டினார்கள். 1960-களில் அது தோட்ட டிராக்டருக்கு இறங்கி வந்தது. அப்போது பம்ப்பும் மோட்டாரும் தனிப் பெட்டி. அதைப் பின் ஆக்சில் கூட்டில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். பிறகு பம்ப், மோட்டார், குறைப்பு கியர், டிஃபரென்ஷியல் (திருப்பத்தில் இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்), ஆக்சில் எல்லாம் ஒரே அலுமினியக் கூட்டுக்குள் அடங்கின. அதுதான் ஹைட்ரோ டிரான்ஸாக்சில்.

உள்ளே நடப்பது இது. எஞ்சின் பம்ப்பை ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஸ்வாஷ் பிளேட் எனப்படும் சாய்தட்டு நிமிர்ந்திருந்தால் பிஸ்டன்கள் அசையாது, எண்ணெய் ஓடாது, வண்டி நிற்கும். தட்டைச் சாய்க்கச் சாய்க்க பிஸ்டன்கள் எண்ணெயைத் தள்ளும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஓட்டம் திரும்பும், வண்டி பின்னே வரும். எண்ணெய் பம்ப்பிலிருந்து மோட்டாருக்கும் அங்கிருந்து மறுபடி பம்ப்புக்குமாக மூடிய வட்டத்தில் ஓடுவதால், இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை முந்த முடியாமல் பிடித்து வைக்கும். ஆனால் நிறுத்திவைக்க இதை நம்பக் கூடாது. கசிவால் வண்டி அங்குலம் அங்குலமாக இறங்கும்; பார்க்கிங் பிரேக் கட்டாயம் தனியாக வேண்டும்.

நம் வண்டிக்குக் கணக்குப் போடலாம். பம்ப் ஒரு சுற்றுக்கு 12 கன செ.மீ., மோட்டார் 16, குறைப்பு விகிதம் 20, பம்ப் வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று. 150 பார் அழுத்தத்தில் மோட்டார் 38 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும். 20 மடங்காக்கி, இழப்புக்கு 15 சதவீதம் கழித்தால் சக்கரத்தில் 650. தரையில் 2,300 நியூட்டன். சரி, மேடு ஏறிவிடும். வேகம்? நிமிடத்துக்கு 36 லிட்டர் எண்ணெய் ஓடினால் மோட்டார் 2,250 சுற்று, சக்கரம் 112 சுற்று. மணிக்கு 12 கிலோமீட்டர்கூட வராது.

ஹைட்ரோ முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். ஒரே ஜோடி பம்ப்பும் மோட்டாரும் மேடேறும் விசையையும் 40 கிலோமீட்டர் வேகத்தையும் சேர்த்துத் தர வேண்டுமென்றால், பம்ப்பை மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக்க வேண்டும். அந்தப் பெரிய பம்ப் பாதி நேரம் அரைகுறைச் சாய்வில், மோசமான திறனில் ஓடும். மாற்று வழி, பின்னால் ரேஞ்ச் கியர் (மெதுவுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று மாற்றும் கியர்) வைப்பது. குபோட்டா தன் ஆர்டிவி பயன்பாட்டு வண்டிகள் பலவற்றில் ஹைட்ரோவுக்குப் பின்னால் மூன்று ரேஞ்ச் வைத்தது அதனால்தான். அப்படி வைத்த பிறகு "கியரே இல்லை" என்று விளம்பரம் பேசுவது கொஞ்சம் சிரிப்புதான்.

அப்புறம் சூடு. நல்ல பிஸ்டன் பம்ப்பின் திறன் 88 சதவீதம், மோட்டாருக்கும் அதே என்று வைத்தால் பெருக்கிப் பார்க்க 77. கியரையும் சேர்த்தால் 73. இது நல்ல வேளைக் கணக்கு. மெதுவாக மேடேறும்போது கதை மாறுகிறது, ஏனென்றால் கசிவு அழுத்தத்தைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்ததல்ல. மணிக்கு 2 கிலோமீட்டரில் ஊர மோட்டாருக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர் போதும். புது யூனிட், குளிர்ந்த எண்ணெய், 2 லிட்டர் கசிகிறது என்று கொள்வோம்: பம்ப் 8 கொடுத்தால் 6 வேலைக்கு. பரவாயில்லை. தேய்ந்த யூனிட், சூடான எண்ணெய், 8 லிட்டர் கசிவு: வேலைக்குப் போவதைவிட வீணாவது அதிகம். அந்த 8 லிட்டர் 150 பாரில் கசிவது என்றால் 2 கிலோவாட் சூடு, ஏறக்குறைய இரண்டு அயர்ன்பாக்ஸ், நேராக அந்தச் சின்னக் கூட்டுக்குள் இறங்குகிறது. எண்ணெய் இன்னும் நீர்க்கிறது, கசிவு இன்னும் கூடுகிறது. காலையில் ஜம்மென்று ஏறிய வண்டி அரை மணி கழித்து அதே மேட்டில் திணறுகிறதே, அதன் காரணம் இந்தச் சுழல்தான்.

ஒரே எண்ணெயா, இரண்டா?

ஹைட்ரோ என்று முடிவான பிறகும் போட்டி தீர்வதில்லை. உள்ளுக்குள்ளேயே பல கிளைப்பாதைகள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணெய்.

மலிவான வடிவமைப்பில் கியருக்கும் பம்ப்புக்கும் ஒரே எண்ணெய்த் தொட்டி. இந்தத் துறையில் பெரிய பெயர்களான ஹைட்ரோ-கியர், டஃப் டார்க் இரண்டின் சிறு யூனிட்களிலும் இதைப் பார்க்கலாம். ஹைட்ரோ-கியர் பலவற்றுக்குச் சொல்வது சாதாரண 20டபிள்யூ50 எஞ்சின் ஆயிலையே. ஒரு சீல், ஒரு சுவர், ஒரு மூடி மிச்சம். ஆனால் கியர் பல் தேய்ந்து உதிர்க்கும் இரும்புத் தூள் அதே எண்ணெயில்தான் மிதக்கிறது. பம்ப் பிஸ்டனுக்கும் துளைக்கும் இடைவெளி சில மைக்ரான்கள். இந்த இடைவெளி வழியான கசிவு அதன் மூன்றாம் அடுக்கில் ஏறும்: இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. அதோடு 20டபிள்யூ50 எண்ணெயின் பிசுக்கு 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது ஒன்பதில் ஒரு பங்காக விழும். தேய்மானமும் சூடும் ஒன்று சேர்ந்தால் மேலே சொன்ன 2 லிட்டர் 8 லிட்டராவது பெரிய அதிசயமில்லை.

எண்ணெயைப் பிரித்தால் கூடு சிக்கலாகிறது, நடுவில் ஒரு ஷாஃப்ட் சீல் சேர்கிறது, அது கசிந்தால் இரண்டும் கலக்கும். நான் எடுக்கும் நடுவழி: ஒரே எண்ணெய், ஆனால் வெளியிலிருந்து மாற்றக்கூடிய ஃபில்டரும், கசிந்த எண்ணெயை வட்டத்துக்குள் திரும்ப நிரப்பும் சிறு சார்ஜ் பம்ப்பும் கட்டாயம். சார்ஜ் பம்ப் இல்லாத யூனிட்கள் செக் வால்வு எனப்படும் ஒருவழி வால்வு வழியாகத் தொட்டியிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும். புல்வெட்டும் வண்டிக்கு அது போதும். பாரம் இழுக்கும் வண்டியில், கசிந்த அளவை உறிஞ்சி நிரப்ப முடியாமல் வட்டத்துக்குள் ஆவிக் குமிழ்கள் உருவாகி உடைந்தால் உலோகப் பரப்பு பொத்தல் பொத்தலாகிவிடும். இன்னொன்று, வடிகால் திருகு. ஆக்சிலையே வண்டியிலிருந்து இறக்கினால்தான் எண்ணெய் மாற்ற முடியும் என்ற வடிவமைப்பை பயன்பாட்டு வண்டிக்கு நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

சாய்தட்டில் பிஸ்டன் எதன்மேல் ஓடுகிறது என்பதிலும் இரு கட்சி. சிறு யூனிட்களில் பிஸ்டனின் உருண்டை மூக்கு ஒரு பந்து பியரிங் தட்டின்மேல் நேரே உட்காரும். அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும், செய்வது எளிது. ஆனால் தொடுபுள்ளி சிறியது, அழுத்தம் ஏறினால் பியரிங் ஆயுள் மளமளவென்று குறையும். மற்றது, பிஸ்டன் நுனியில் செருப்பு மாதிரி ஒரு ஸ்லிப்பர். பிஸ்டன் நடுவே துளை வழியாக எண்ணெய் வந்து ஸ்லிப்பருக்கு அடியில் படலமாக நின்று அதைத் தாங்கும். 150 பாருக்கு மேல் தொடர்ந்து ஓடப்போகிறது என்றால் நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

தொழிற்சாலையில்

காகிதத்தில் ஒரே மாதிரியான இரண்டு யூனிட்கள் களத்தில் வேறு வேறாக நடந்துகொள்வது பெரும்பாலும் தயாரிப்பால்தான். பிஸ்டன்கள் இருக்கும் சிலிண்டர் பிளாக் உட்காரும் பரப்பு, லாப்பிங் (நுண்பொடியால் தேய்த்தல்) செய்து கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். அந்தப் பரப்பு இருக்கும் நடுப்பகுதியை வார்ப்பிரும்பில் செய்தால் தேய்மானம் தாங்கும். அலுமினியத்தில் செய்தால் எடை குறையும், ஆனால் மேலே தனியாக எஃகு வால்வு பிளேட் வேண்டும். வெளிக்கூடு டை காஸ்டிங்தான், வேறு வழியில்லை. அதில் நுண்துளை வழியே எண்ணெய் வியர்க்காதபடி பிசின் ஏற்றுவதும் கசிவுச் சோதனையும் தவிர்க்க முடியாதவை. கடைசலுக்குப் பின் மூலையில் ஒளிந்திருக்கும் ஒரு உலோகப் பிசிர் போதும், மேலே சொன்ன மைக்ரான் கணக்கெல்லாம் வீண். வாங்கப் போகும் ஆலையில் இயந்திரங்களைவிட நான் கழுவும் இடத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பேன்.

நியூட்ரலும் அப்படியே. சாய்தட்டு துல்லியமாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் காலை எடுத்த பிறகும் வண்டி ஊரும். லீவரை இறுக்கி மட்டும் இதைத் தீர்க்க முடியாது. வட்டத்தில் ஒரு சிறு கசிவுத் துளை வைத்து நியூட்ரலைச் சற்று அகலமாக்குவார்கள். அகலம் கூடினால் ஊர்வது நிற்கும், ஆனால் இறக்கத்தில் பிடிப்பு தளரும்.

கடைசிப் போட்டியாளர், மின் டிரான்ஸாக்சில். மோட்டார், இரண்டு படிக் குறைப்பு கியர், டிஃபரென்ஷியல்: செய்வதற்கு ஹைட்ரோவைவிட எவ்வளவோ எளிது, மைக்ரான் தலைவலியே இல்லை. பின்னே வர மின்னோட்டத்தைத் திருப்பினால் போதும், இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பியும் வரும். ஹைட்ரோ செய்பவர்களே இப்போது இதையும் செய்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் மெதுவான மேடு இதையும் சும்மா விடுவதில்லை. முறுக்கு இரட்டித்தால் மின்னோட்டம் இரட்டிக்கும், செப்புச் சுருளின் சூடு நான்கு மடங்காகும். வித்தியாசம் என்னவென்றால், கன்ட்ரோலர் சூட்டை அளந்து தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஹைட்ரோவுக்குள் அப்படிக் குரல் கொடுக்க யாருமில்லை.

என் தேர்வு இப்படி. சார்ஜர் அருகிலேயே சுற்றும் வண்டி என்றால் மின். 25 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டுமென்றால் பெல்ட். நாள் முழுக்க பாரத்தோடு முன்னும் பின்னும் நகர வேண்டும், எஞ்சின்தான் வேண்டும் என்றால் ஹைட்ரோ, மேலே சொன்ன ஃபில்டரோடும் சார்ஜ் பம்ப்போடும். மாதிரி யூனிட் கைக்கு வந்ததும் குளிர்ந்த எண்ணெயில் ஓட்டி மகிழ வேண்டாம். எண்ணெய் 100 டிகிரி தொடும்வரை சரிவில் ஏற்றி இறக்கி, பிறகு அதே மேட்டில் பாதி வழியில் நிறுத்தி மறுபடி நகர்த்திப் பாருங்கள்.