அட்டையில் ஹிமேஜி கோட்டை: கேனன் கிரியேட்டிவ் பார்க் மாதிரியும் அதற்கு வேண்டிய கருவிகளும்

கேனன் நிறுவனத்தின் கிரியேட்டிவ் பார்க் தளத்தில் கிடைக்கும் காகித மாதிரிகளுள் ஜப்பானின் ஹிமேஜி கோட்டையை அண்மையில் கட்டி முடித்தேன். வெட்டி ஒட்டவேண்டிய பக்கங்களும் செய்முறையும் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகவே கிடைப்பதால், செலவெல்லாம் அட்டைக்கும் அச்சுக்கும்தான். ஆயினும் அட்டை வேலை பழகாதவர்கள் அதே தளத்தின் சிறிய மாதிரி ஒன்றில் கையைத் தேற்றிக்கொண்டு இதற்கு வருவதே நல்லது.

எனக்கு முதல் சறுக்கல் அச்சிலேயே நேர்ந்தது. ஜெராக்ஸ் கடையில் சில பக்கங்களைத் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அடித்துவிட்டார்கள். மற்றவற்றை வீட்டில் முழு அளவில் எடுத்தேன். சுவரின் மேல் கூரை உட்காரவில்லை. எல்லாப் பக்கங்களையும் 100 சதவீத அளவில், ஒரே இடத்தில் அச்சிடுவதே பாதுகாப்பு. அட்டை 160 முதல் 200 ஜிஎஸ்எம்முக்குள் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) இருந்தால் போதும். அதைவிடத் தடித்தால் மடிப்பில் மேற்பரப்பு வெடித்து வெள்ளை தெரியும்.

கருவிகளில் நான் பெரிதும் மதிப்பது மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவைத்தான். உறுப்பை வெட்டி எடுப்பதற்கு முன்பே, ஸ்டீல் ஸ்கேலை மடிப்புக்கோட்டின் மேல் வைத்து இந்தப் பேனாவால் ஒருமுறை அழுத்தி இழுத்தால், அட்டை அறுபடாமல் மெல்லிய பள்ளம் விழுகிறது. பிறகு விரல் பட்டாலே கோடு பிசகாமல் மடிகிறது. வெட்டிய பிறகு கோடிட முயன்றால் சிறு துண்டுகள் ஸ்கேலுக்கு அடியில் நழுவும். பணம் செலவழிக்க வேண்டியது கட்டர் பிளேடுக்கு. நுனி மழுங்கியதும் தயங்காமல் உடைத்துவிட்டு, ஒரே அழுத்தில் வெட்டாமல் இரண்டு மூன்று முறை லேசாக இழுத்தால் ஓரம் பிசிறடிக்காது.

ஒட்டுவதற்கு வெள்ளைப் பசையே ஏற்றது. பல்குச்சி நுனியில் தொட்டு, ஒட்டுக் காதில் (ஒட்டுவதற்கென உறுப்பின் ஓரத்தில் விட்டிருக்கும் மடிப்பில்) மெல்லியதாகத் தடவி, சற்றுப் பிசுபிசுப்பு ஏறியபின் அழுத்த வேண்டும். பசை மிகுந்தால் அட்டை ஊறி நெளியும். இங்க்ஜெட் அச்சாக இருந்தால் ஈர விரலில் நிறமும் சேர்ந்து வரும்.

ஹிமேஜிக்கு வெள்ளைக் கொக்குக் கோட்டை என்ற பெயரும் உண்டு. சுண்ணாம்புச் சாந்து பூசிய அந்தச் சுவர்களில் அட்டையின் வெட்டு ஓரம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது நமக்கு வாய்த்த சலுகை. வெளியிலிருந்து ஐந்து அடுக்காகத் தெரியும் கோபுரத்தின் சாம்பல் நிறக் கூரைகளில் அந்தச் சலுகை இல்லை. ஒட்டுவதற்கு முன் ஒவ்வோர் ஓரத்திலும் சாம்பல் ஸ்கெட்ச் பேனாவைப் பக்கவாட்டில் சாய்த்து ஓட்டினேன். கீழ் அடுக்கில் சோம்பலால் விட்ட ஒரு மூலை இப்போதும் பல்லிளிக்கிறது.

அடித்தளத்தை மட்டும் முதலிலேயே தடித்த பைண்டிங் அட்டையில் ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். மேலே பாரம் ஏறிய பிறகு நெளிவை எடுக்க வழியில்லை.