பிளக்கில் சொருகும் வாட் மீட்டர்: வாங்கலாமா?

வாங்கலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிராண்ட் பெயர் எல்லாம் கிடையாது, ஒரு வெள்ளை டப்பா, பின்னால் முள், முன்னால் சாக்கெட், நடுவில் சின்னத் திரை, அவ்வளவுதான். இதைச் சுவரில் சொருகி, நம் பிளக்கை இதில் சொருகினால் வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபாக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் நிஜ வாட் எத்தனை பங்கு என்பது), ஓடிய யூனிட் எல்லாம் வந்துவிடும். மின்தடையை, அதாவது ரெசிஸ்டன்ஸை மட்டும் காட்டாது, ஆனால் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் வந்துவிடப் போகிறது, அதற்காக யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

முதலில் அயர்ன் பாக்ஸ். 1000 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, மீட்டரோ 226 வோல்ட், 4.27 ஆம்பியர், 965 வாட் என்கிறது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கிளம்ப வேண்டாம், ஸ்டிக்கரில் இருப்பது 230 வோல்ட்டுக்கான கணக்கு. 226ஐ 4.27ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52.9 ஓம், 230ஐ 230ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தாலும் அதே 52.9தான். ஆக, உள்ளே இருக்கும் காயில் ஒழுங்காக இருக்கிறது, வோல்டேஜ்தான் கொஞ்சம் குறைவு. சாயங்காலம் லைன் 190க்கு இறங்கும் ஊர்களில் இதே பெட்டி 682 வாட்டோடு நின்றுவிடும். வோல்டேஜ் குறைவது 17 சதவீதம்தான், சூடு குறைவது 32 சதவீதம், ஏனென்றால் வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் கூடவே இறங்குகிறது. காட்டன் சட்டை மடிப்பு போகவில்லை என்று பெட்டியைத் திட்டுபவர்கள் லைனையும் ஒரு தடவை பார்க்கலாம்.

எனக்கு இந்த மீட்டர் காசுக்கு வேலை செய்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான். அதே அயர்ன் பாக்ஸை எக்ஸ்டென்ஷன் வழியாகப் போட்டு, மீட்டரை அந்தக் கடைசி சாக்கெட்டில் வைத்துப் பார்த்தால் 221 வோல்ட், 4.18 ஆம்பியர், 923 வாட். சுவரில் 226 இருக்கிறது, நடுவில் 5 வோல்ட் எங்கே போனது? 5ஐ 4.18ஆல் வகுத்தால் 1.2 ஓம். அந்த நீளத்து வயருக்கு அரை ஓம்கூட வரக் கூடாது, மீதி எங்கோ லூஸ் கனெக்ஷன். 5ஐ 4.18ஆல் பெருக்கினால் 21 வாட், அதாவது அவ்வளவு சூடும் துணிக்குப் போகாமல் வயருக்கும் சாக்கெட்டுக்கும் போகிறது. பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி முள்ளைத் தொட்டால் ஒரு முள் சில்லென்று இருக்கிறது, இன்னொன்று விரலை வைக்க முடியாமல் சுடுகிறது. பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் அந்தத் துளையின் பித்தளைப் பட்டை பிடிப்பு விட்டு விரிந்து, பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறிப் போயிருந்தது. அந்த பாக்ஸ் இப்போது வீட்டில் இல்லை.

இந்த வகுத்தல் கணக்கு அயர்ன், ஹீட்டர், குண்டு பல்பு மாதிரி சூடாக்கும் சாமான்களுக்குத்தான் பொருந்தும். 9 வாட் எல்ஈடி பல்பைப் போட்டால் 228 வோல்ட், 0.07 ஆம்பியர் காட்டுகிறது, பெருக்கினால் 16 வருகிறது, ஆனால் வாட் 9தான். பவர் ஃபாக்டர் 0.56 என்று பக்கத்திலேயே இருக்கிறது, 16ஐ அந்த 0.56ஆல் பெருக்கினால் கணக்கு நேராகிவிடும். இந்த இடத்தில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வரும் மூவாயிரத்துச் சொச்சம் ஓமுக்கு ஒரு அர்த்தமும் இல்லை, உள்ளே இருப்பது கம்பி இல்லை, டிரைவர் சர்க்யூட். வீட்டு ஈபி மீட்டர் எண்ணுவது வாட்டைத்தான், அதனால் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் மட்டும் அந்த 16ஐயும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சுமை விஏவில்தான் (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வருவது) பேசப்படும்.

குண்டு பல்பு இன்னொரு வேடிக்கை. 100 வாட் பல்பு எரியும்போது கணக்குப்படி 529 ஓம். அணைத்து, கழற்றி, ஆறவிட்டு மல்டிமீட்டரில் வைத்தால் 40க்குப் பக்கத்தில்தான் நிற்கும். பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் கம்பி சூடேற ஏற மின்தடை ஏறிக்கொண்டே போகிறது. அயர்ன் பாக்ஸின் நிக்ரோம் காயில் அப்படி ஆடாது.

அப்புறம் குறைகள். பின்பக்கம் 16 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் முள் 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கான சின்ன முள், யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை. 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், அதை இதில் போடவே போடாதீர்கள். சீலிங் ஃபேனைப் பார்க்க வழியில்லை, அதற்கு பிளக்கே கிடையாதே. போன் மாட்டாத வெறும் சார்ஜரைச் சொருகினால் 0.0 என்கிறது, அவ்வளவு சின்ன அளவு இதற்குத் தெரியாது. உள்ளே பேட்டரி இல்லாததால் கரண்ட் கட் ஆனால் ஓடிய யூனிட் கணக்கு அழிந்துவிடும், ஃபிரிட்ஜை ஒரு நாள் முழுக்க அளக்க நினைத்தால் இது பெரிய எரிச்சல். செட்டாப் பாக்ஸ் அணைத்த நிலையிலும் 8 வாட் எடுப்பதைக் காட்டியது, அது இரண்டு மாதத்துக்கு பதினொரு யூனிட்டுக்கு மேல், இலவச யூனிட் வரம்பை ஒட்டி ஓட்டுகிற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

"அந்த மஞ்சள் 830 மல்டிமீட்டர் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: ஓம் பார்க்க, பேட்டரி பார்க்க அருமையான சாமான், ஆனால் அதில் ஏசி ஆம்பியர் கிடையாது. அதன் 10 ஆம்பியர் துளை டிசிக்கு மட்டும், அதில் வயரை வைத்துச் சுவர் சாக்கெட்டில் நுழைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்.

வாங்கும்போது கடையிலேயே ஒரு குண்டு பல்பை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பவர் ஃபாக்டர் 1.00 அல்லது அதை ஒட்டி வர வேண்டும், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திரையில் இருக்கும் வாட்டோடு ஒத்துப்போக வேண்டும். வராவிட்டால் வேறு பீஸ் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.