அம்மாக்களுக்கான ‘ஆபீஸ் காம்போ’: பழைய உடைகளை மொத்தமாக வாங்குமுன் இதைப் படியுங்கள்

“ஒரு வாரத்துக்கான ஆபீஸ் டிரஸ் ஒரே பார்சலில். அளவை மட்டும் சொல்லுங்கள். தேர்ந்தெடுப்பது, துவைப்பது, அயர்ன் செய்வது எல்லாம் எங்கள் வேலை.” வேலைக்குப் போகும் அம்மாக்களைக் குறிவைத்து வரும் செகண்ட்ஹேண்ட் காம்போ விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றில் பணம் கட்டி ஏமாந்தேன். விற்றவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெயரை மட்டும் தவிர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதே முறையில் பலர் விற்கிறார்கள், அந்த முறை எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

செகண்ட்ஹேண்ட் உடைகள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் அலமாரியில் பாதி அப்படி வந்தவைதான், இனிமேலும் வாங்குவேன். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு பல மாதங்களுக்கு ஒரு நிலையில் நிற்காது. மார்பளவு, இடுப்பளவு எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த இடைக்காலத்துக்காகப் புது பிளேசரும் பேண்ட்டும் முழு விலைக்கு வாங்குவது வீண்செலவு. பால் கொடுக்கும் அம்மாவுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகள் வேண்டும், அதுவும் சில மாதங்களுக்குத்தான். இதற்கெல்லாம் ஒருவர் உடுத்தி வைத்த நல்ல உடையைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. அந்தத் தேவையையும், கடை கடையாக அலைய நேரமில்லாத நிலைமையையும் தெரிந்துகொண்டு ஒருவர் ஏமாற்றும்போதுதான் வயிறு எரிகிறது.

நான் கேட்டது ஐந்து செட். மார்பு, இடுப்பு, தோள், பேண்ட் நீளம் என்று இன்ச் டேப் வைத்து எடுத்த அளவுகளை அனுப்பினேன். “ஓகே சிஸ்டர், கவலையே வேண்டாம், உங்களுக்கு கரெக்டா செலக்ட் பண்ணிடுவோம்” என்று பதில் வந்தது. உடைகளின் படம் கேட்டேன். அழகான படங்கள் வந்தன. அவற்றில் இருந்த உடைகளின் அளவைக் கேட்டபோது மட்டும் “எல்லாம் எம் சைஸ்தான் சிஸ்டர்” என்றார்கள். கார்டில் கட்டினால் ஒரு விலை, நேராகக் கணக்குக்கு அனுப்பினால் குறைந்த விலை. அந்தத் தள்ளுபடி எதற்காக என்பது பின்னால் புரிந்தது.

பார்சல் பார்க்க நன்றாகவே இருந்தது. மெல்லிய காகிதம், ரிப்பன், கையால் எழுதிய வாழ்த்து அட்டை, பிரித்ததும் அறை முழுக்கப் பரவும் வாசனைத் திரவியம். மேலே இருந்த சட்டை உண்மையிலேயே நல்ல சட்டை. அதற்குக் கீழே இருந்தவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பிளேசர். இரவு விளக்கில் குறை எதுவும் தெரியவில்லை. காலையில் ஜன்னலோரம் பிடித்தபோது காலரிலும் முன் மடிப்பிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். விரலால் தடவினால் மேல்துணி தனியாக நழுவியது. பெரும்பாலான பிளேசர்களில் காலர் விறைப்பாக நிற்பதற்காக மேல்துணிக்கு உள்ளே ஒரு கேன்வாஸ் துணியைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். உலர்சலவை செய்ய வேண்டியதை வாஷிங் மெஷினில் போட்டாலோ, அளவுக்கு மீறிச் சூடு வைத்தாலோ அந்தப் பசை விட்டுப்போகும். விட்ட இடங்கள் கொப்புளமாக எழும். அயர்ன் செய்தால் கொஞ்ச நேரம் அமுங்கியிருக்கும், அப்புறம் மறுபடி எழும். எந்தத் தையற்காரரிடம் கொடுத்தாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது, காலரைப் பிரித்து உள்துணியையே மாற்ற வேண்டும். இது விற்பவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அனுப்புவதற்கு முன்னால் பிளேசரை அயர்ன் செய்து, அதுவும் காலரை அழுத்தித் தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்தது பேண்ட். இடுப்புப் பட்டைக்குள் இருந்த சைஸ் லேபிளில் ‘எம்’ என்றுதான் இருந்தது. ஆனால் அந்த லேபிள் வெள்ளை நூலில் தைக்கப்பட்டிருந்தது. பேண்ட்டின் மற்றத் தையல் எல்லாம் கருநீலம். லேபிளுக்கு மேலே, பழைய லேபிளைப் பிரித்தெடுத்த ஊசித் துளைகள் ஒரே வரிசையில் தெரிந்தன. டேப் வைத்து அளந்தால் நான் சொன்ன இடுப்பளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கையில் எது கிடைக்கிறதோ அதில் ‘எம்’ என்று தைத்து, கேட்பவர்களுக்கு எல்லாம் அனுப்புகிறார்கள். அதோடு முட்டி இடம் தொங்கிப்போயிருந்தது. நீட்சி கொடுக்கும் பேண்ட்களில் எலாஸ்டேன் இழை சிறு அளவில் கலந்திருக்கும். சூட்டாலும் குளோரின் பிளீச்சாலும் அது கெட்டுவிடும். கெட்ட பிறகு இழுத்த இடம் இழுத்தபடியே நிற்கும். அதற்கும் மருந்து கிடையாது.

மற்றொரு டாப் வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. துவைத்துக் காயப்போட்டு, வேலைக்குப் போட்டுக்கொண்டும் போய்விட்டேன். மதியத்துக்குள் அக்குளிலிருந்து என்னுடையதல்லாத ஒரு புளித்த வியர்வை நாற்றம். ஆட்கள் நிறைந்த மீட்டிங் அறையில் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை எந்தப் பணமும் ஈடுசெய்யாது. காரணத்தைத் தேடிப் படித்தேன். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்கள். உடற்பயிற்சி சைக்கிள் ஓட்டிய 26 பேரின் டி-ஷர்ட்களைச் சோதித்ததில், பருத்தியைவிடப் பாலியஸ்டர் துணிதான் அதிகம் நாறியது. நாற்றத்தை உண்டாக்கும் மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாகப் பெருகியிருந்தது. உடலின் எண்ணெய்ப் பசையும் பாலியஸ்டர் இழையில் எளிதில் ஒட்டிக்கொள்ளும், சாதாரணத் துவைப்பில் முழுதாகப் போகாது. உலர்ந்து கிடக்கும்போது தெரியாமல், உடம்புச் சூடும் ஈரமும் பட்டதும் நாற்றம் கிளம்பும். பார்சலில் அவ்வளவு வாசனைத் திரவியம் அடித்திருந்தது இதற்காகத்தான்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது, அந்துருண்டை. பழைய உடைகளைப் பூச்சி அரிக்காமல் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைப்பவர்கள் போடுவது. நாப்தலீன் அந்துருண்டையின் ஆவி துணியில் ஏறி நிற்கும். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, ரத்தசோகையையும் கடுமையான மஞ்சள்காமாலையையும் உண்டாக்கும். அந்தக் குறைபாடு தங்கள் குழந்தைக்கு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. அந்தத் துணியைப் போட்டுக்கொண்டுதானே குழந்தையைத் தோளில் சாய்க்கிறோம், பால் கொடுக்கிறோம்? வாடை தெரிந்தால் குழந்தை இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். வெளிக்காற்றில் பல நாள் விரித்துப் போட்டுத் துவைத்த பிறகும் வாடை இருந்தால் அந்த உடை வேண்டாம்.

இனி, திருப்பிக் கொடுக்கப் போனபோது நடந்தது. “திருப்பி எடுத்துக்கொள்வோம்” என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். நிபந்தனைகளைப் பணம் கட்டிய பிறகு வந்த செய்தியில்தான் அனுப்பினார்கள். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் ஒட்டாமல் வீடியோ எடுத்திருக்க வேண்டும். கையில் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். துவைத்திருக்கக் கூடாது. மார்புக்கு நேராகக் குத்தியிருந்த பெரிய அட்டையை எடுத்திருக்கக் கூடாது. ஒன்றைத் திருப்ப வேண்டுமானால் ஐந்து செட்டையும் திருப்ப வேண்டும், அனுப்பும் செலவு நம்முடையது. அதன் பிறகும் பணம் கைக்கு வராது, அடுத்த காம்போவில் கழித்துக்கொள்வார்களாம்.

கைக்குழந்தையோடு இருக்கும் ஒருத்திக்கு எது முடியாது என்று உட்கார்ந்து யோசித்து எழுதிய நிபந்தனைகள் இவை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்குவாளா, வீடியோ எடுப்பாளா? செகண்ட்ஹேண்ட் துணியைத் துவைக்காமல் யார் போடுவார்கள்? துவைத்தால் உரிமை போய்விடும் என்றால் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லவே வழியில்லை.

கொப்புளத்தையும் லேபிளையும் படமெடுத்து அனுப்பினேன். “பழைய துணின்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் சிஸ்டர், நீங்களும் அம்மாதானே, எங்க கஷ்டத்தையும் புரிஞ்சுக்கோங்க” என்று பதில் வந்தது. விடாமல் கேட்டேன். அப்புறம் பதிலே இல்லை. அவர்கள் முதலில் அனுப்பிய படங்களை இணையத்தில் படம்வழித் தேடலில் போட்டுப் பார்த்தபோது, அவை புதுத்துணி விற்கும் வேறொரு நிறுவனத்தின் விளம்பரப் படங்கள் என்று தெரிந்தது. வங்கியில் கேட்டதற்கு, நாமே ஒப்புதல் கொடுத்து நேராக அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம் என்றார்கள். கார்டில் கட்டியிருந்தால், சொன்ன பொருளுக்கும் வந்த பொருளுக்கும் சம்பந்தமில்லை என்று ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வழி இருந்திருக்கும். அந்த வழியை அடைக்கத்தான் தள்ளுபடி. இப்போது அதே படங்களோடு வேறொரு பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வேகமாகவும் குறைந்த செலவிலும் வாங்க வேண்டும் என்றால் காம்போவை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக வாங்குங்கள். இதற்கு அதிக நேரம் பிடிக்கும் என்று தோன்றும், உண்மையில் பிடிக்காது. உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சட்டையையும் ஒரு பேண்ட்டையும் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள், தோளிலிருந்து தோள், இடுப்புப் பட்டை, கால் உள்தையல் நீளம் ஆகியவற்றை ஒருமுறை அளந்து போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் உடம்பளவைச் சொல்வதைவிட, அவர் விற்கும் உடையை விரித்துவைத்து அளந்த அளவைக் கேளுங்கள். டேப்போடு சேர்த்து எடுத்த படமாக வர வேண்டும். எம், எல் என்பதற்கெல்லாம் ஒரே அளவு கிடையாது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இடுப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். சிறிதாக இருந்தால் உள்தையலில் துணி விட்டிருந்தால்தான் பிரித்துவிட முடியும். பிளேசரில் தோள் பொருந்தவில்லை என்றால் வாங்கவே வேண்டாம், அதைத் திருத்த ஆகும் கூலியில் இன்னொரு பிளேசரே வாங்கிவிடலாம்.

அக்குளின் உட்பக்கம், காலரின் உள்மடிப்பு, பேண்ட்டின் தொடை உரசும் இடம், துணி விவர லேபிள் ஆகியவற்றின் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துக் கேளுங்கள். சட்டையின் அக்குளில் இருக்கும் மஞ்சள் கறை பெரும்பாலும் வியர்வையும் வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து வருவது. குளோரின் பிளீச் போட்டால் கூடுமே தவிரக் குறையாது. தொடை இடத்தில் நூல் உருண்டைகள் பூத்திருந்தால் துணி தேயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். லேபிளில் வட்டம் இருந்து, தண்ணீர்த் தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் அது உலர்சலவைக்கு மட்டுமான உடை. ஒவ்வொரு முறையும் சலவைக்குக் கொடுக்கும் செலவையும் அலைச்சலையும் கணக்கில் சேர்த்தால் அது மலிவான உடையே இல்லை. நேர்மையாக விற்பவர்கள் இந்தப் படங்களை முகம் சுளிக்காமல் அனுப்புகிறார்கள், எனக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். இழுத்தடிப்பவரிடம் அதற்கு மேல் பேசாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கை மேல் கொட்டாதீர்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கிருந்துதான் பரவும். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். தாங்காத துணியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி இருக்கும் உறைபெட்டியில் நான்கு நாளாவது வைத்துவிட்டு எடுங்கள்.

இந்த மாதிரி ஒரு காம்போ ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால், அட்டையை எடுக்காமல், துவைக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் டேப்போடு படமெடுங்கள். போனில் பேச வேண்டாம், புகார் எழுத்தில்தான் இருக்க வேண்டும். “சொன்ன அளவு இது, வந்த அளவு இது, முழுப் பணமும் திரும்ப வேண்டும்” என்று ஒரே செய்தியாக இன்றே அனுப்புங்கள். அடுத்த காம்போவில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் அவர்கள் பதிலுக்காகக் காத்திருக்காமல் வங்கியில் ஆட்சேபத்தைப் பதிவுசெய்யுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.