சிவனொளிபாத மலை: ஹட்டன் வழியா, இரத்தினபுரி வழியா?

இலங்கையின் இந்த மலைக்கு 2,243 மீட்டர் உச்சி ஒன்றுதான், வழியில்தான் குழப்பம்.

போய்ச் சேர: கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயில், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக மலையடிவாரத்திலுள்ள நல்லதண்ணிக்கு பஸ், தேயிலைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். இரத்தினபுரிப் பக்கம் என்றால் பலாபத்தல வரை பஸ்.

ஏற: நல்லதண்ணியில் 5,000க்கு மேல் படிகள், மூன்று நான்கு மணி நேரம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும். பலாபத்தல வழி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும், காடு, அப்புறம் அட்டைக்கடி.

கூட்டம்: டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைப் பருவத்தில், அதுவும் போயா (பௌர்ணமி) தினத்தில், ஹட்டன் பக்கம் வரிசை நகரவே நகராது. இரத்தினபுரி வழி அமைதி.

முதல் தடவை, குழந்தைகளோடு என்றால் யோசிக்காமல் நல்லதண்ணி. நடக்கத்தான் ஆசை என்றால் இரத்தினபுரிப் பக்கம் ஏறி ஹட்டன் பக்கம் இறங்குங்கள்.