வீட்டு டாப்ளர்: முதல் மூன்று மாதத்துக்கு வாங்க வேண்டாம்

கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் உள்ளாடையில் பழுப்பாக ஒரு சொட்டுப் பட்டுவிட்டால் போதும், ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் தேடல் தொடங்கிவிடும். கருவின் துடிப்பைக் கேட்க உள்ளங்கையில் அடங்கும் டாப்ளர் கருவி, ஒரு ஜெல் ட்யூப், ஹெட்போன், கூடவே ‘9 வாரத்திலிருந்தே குழந்தையின் ஹார்ட் பீட்டைக் கேளுங்கள்’ என்று ஒரு வாசகம். பயந்துபோயிருப்பவரை இதைவிடச் சுலபமாக வாங்க வைக்கும் பொருள் இல்லை. 9, 10 வாரத்தில் ஸ்பாட்டிங்குக்காக, அதாவது லேசாக ரத்தம் படுவதற்காக, இதை வாங்கலாமா என்பதுதான் கேள்வி. வேண்டாம்.

பெட்டியில் இருப்பது எளிய சமாச்சாரம். வயிற்றில் வைக்கும் 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப், ஸ்பீக்கர், எண் காட்டும் சின்னத் திரை. ப்ரோப் அனுப்பும் ஒலியலை, அசைகிற எதன் மீது பட்டாலும் கொஞ்சம் மாறித் திரும்பி வரும். அந்த மாற்றத்தைக் கருவி சத்தமாக்குகிறது, அவ்வளவுதான். அசைந்தது எது என்று அதற்குத் தெரியாது. கருவின் இதயம், தாயின் இடுப்பு ரத்தக்குழாய், குடலில் உருளும் காற்று எல்லாம் அதற்கு ஒன்று.

12 வாரம் வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. 9 வாரக் கருவின் நீளம் 2.5 சென்டிமீட்டர்கூட இருக்காது. கருப்பை பின்பக்கம் சாய்ந்திருந்தாலோ வயிற்றில் சதை கூடுதலாக இருந்தாலோ இன்னும் ஆழம். கைதேர்ந்த நர்ஸ்கூட இந்த வாரங்களில் டாப்ளரில் துடிப்பைப் பிடித்துக் காட்டுவதாக வாக்குத் தரமாட்டார். ஆகவே 10 வாரத்தில் சத்தம் கேட்கவில்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் அரை மணி நேரம் தேடிக் களைத்தவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வாங்கியதே பயத்தைக் குறைக்க. அது பயத்தை இரட்டிப்பாக்கிவிட்டுப் போகும்.

இதைவிட மோசம், கேட்காததைக் கேட்டதாக நம்புவது. திரையில் 150 என்று வந்தால் குழந்தைதான் என்று நினைத்துவிடுவோம். தாயின் 75 துடிப்பைக் கருவி இரண்டிரண்டாக எண்ணினாலும் 150தான் வரும். பதற்றத்தில் தாயின் நாடியே 110, 120 என்று ஓடும். சரிபார்க்க எளிய வழி, மறுகையால் மணிக்கட்டு நாடியைப் பிடித்துப் பார்ப்பது. சத்தமும் நாடியும் ஒரே தாளத்தில் வந்தால் அது உங்களுடையது. (போன் மைக்கிலேயே கேட்கலாம் என்கிற ஆப்களைப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். போன் மைக் அல்ட்ராசவுண்ட் அனுப்பாது.) மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014லேயே சொல்லிவிட்டது.

உண்மையான துடிப்பே கேட்டாலும் கதை முடியவில்லை. ரத்தம் எங்கிருந்து வருகிறது, கரு கருப்பைக்குள் இருக்கிறதா இல்லை சினைக்குழாயில் மாட்டியிருக்கிறதா, கரு வளரும் பையைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறதா என்று டாப்ளர் சொல்லாது. அதைச் சொல்வது பெண்ணுறுப்பு வழியாக எடுக்கும் டி.வி.எஸ். ஸ்கேன்தான். டாப்ளருக்குக் கொடுக்கிற காசில் பெரும்பாலும் அதையே எடுத்துவிடலாம். அரசு மருத்துவமனையில் காசே இல்லை. உள்ளே விடும் ஸ்கேனால் கரு கலையும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ப்ரோப் கருப்பைவாயைத் தாண்டிப் போவதில்லை. தனியார் சென்டருக்குப் போனால் டாக்டர் சீட்டும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ‘எஃப்’ படிவம் நிரப்பாமல் எந்தக் கர்ப்பிணிக்கும் ஸ்கேன் எடுக்கக் கூடாது.

ஸ்கேனுக்கும் வாரக் கணக்கு உண்டு. 5 வாரத்தில் பை மட்டும் தெரியும். ஐந்தரை வாரத்தில் யோக் சாக், அதாவது கருவுக்குத் தொடக்கத்தில் ஊட்டம் தரும் சின்னப் பை. 6 வாரத்தை ஒட்டித்தான் கருவும் துடிப்பும். முட்டை பத்து நாள் தள்ளி வெளிவந்திருந்தால் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் உங்கள் காலண்டரில் 7 வாரம், ஸ்கேனில் ஐந்தரை. ‘ஹார்ட் பீட் வரலை’ என்று ரிப்போர்ட் வந்ததும் இடிந்துபோகாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். சி.ஆர்.எல். எனப்படும் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் ஒரே ஸ்கேனை வைத்துக் கர்ப்பம் நின்றுவிட்டது எனலாம். அதற்குக் குறைவான அளவில் ‘சுத்தம் பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால், குறைந்தது 7 நாள் கழித்து மறு ஸ்கேன் கேளுங்கள். ரத்தம் பட்டிருந்தாலும் துடிப்பு தெளிவாகத் தெரிந்துவிட்டால் பெரும்பாலான கர்ப்பங்கள் நிலைக்கின்றன.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாத தொடக்க நாட்களுக்கு, கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை. ஒரு தடவை எடுத்த எண்ணால் பயனில்லை. 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, ஒரே லேபில் எடுக்க வேண்டும். முதல் அளவு 1,500க்குக் கீழே இருந்தால் இரண்டு நாளில் குறைந்தது 49 சதவீதம் ஏற வேண்டும். இரட்டிப்பாகவில்லையே என்று அழ வேண்டியதில்லை. மெதுவாக ஏறினாலும், ஒரே இடத்தில் நின்றாலும் சினைக்குழாய்க் கர்ப்பமா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆன்லைன் பார்சலுக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் சில. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்வது, வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், காய்ச்சலோடு நாற்றமடிக்கும் கசிவு. உடனே 108. சினைக்குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள் கொட்டும், நாப்கினில் ஒரு சொட்டுத்தான் தெரியும். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் டாக்டரிடம் முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும். அடுத்த கர்ப்பத்துக்குச் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசி தேவை என்று அவர் முடிவு செய்தால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

படுத்த படுக்கையாகக் கிடந்தால் கரு தங்கும் என்பதற்குச் சான்று இல்லை. கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் விஷயம் கொஞ்சம் வேறு. பிரிட்டனில் 4,153 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ‘பிரிசம்’ ஆய்வில் எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான பலன் தெரியவில்லை. ஏற்கனவே கரு கலைந்து, இப்போது ரத்தமும் படுபவர்களுக்குப் பலன் தெரிந்தது. அவர்களுக்கு 400 மில்லிகிராம், பெண்ணுறுப்பில் வைக்கும் மாத்திரையாக, தினம் இரண்டு வேளை என்று அங்கே 2021 முதல் பரிந்துரைக்கிறார்கள். அதை டாக்டர்தான் எழுத வேண்டும், மெடிக்கலில் கேட்டு வாங்குவதல்ல. மாடிப்படி ஏறியதால், பப்பாளி தின்றதால் என்று மாமியார் கணக்குப் போட்டால் காதில் வாங்க வேண்டாம். தொடக்கத்தில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால் கலைபவை.

ஏற்கனவே டாப்ளர் வாங்கியாகிவிட்டதா? திருப்பி அனுப்பும் தேதி இருந்தால் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு 14 வாரம் கழித்து எடுங்கள். தண்ணீர் சார்ந்த ஜெல்தான், தேங்காய் எண்ணெய் ஆகாது. பூப்பெலும்புக்கு (அடிவயிற்றின் கீழ் முனையில் தட்டுப்படும் எலும்பு) ஒரு விரல் மேலே நடுவில் ப்ரோப்பை வைத்து, நகர்த்தாமல், கீழ்நோக்கி மெல்லச் சாய்த்துத் தேடுங்கள். ஐந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் அணைத்துவிடுங்கள். ஏழு மாதத்துக்குப் பின் அசைவு குறைந்திருக்கிறது என்று தோன்றும் நாளில் மட்டும் இதைத் தொடவே கூடாது; அன்றைக்கு நேரே ஆஸ்பத்திரிக்கு.